கயறு என்று கூப்பிட்டது

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பது பழமொழி. எங்கள் வீட்டில் அது மாதம் ஒருமுறை நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் சனிக்கிழமை காலையில் கேரள எல்லையோரக் கொல்லயில் ஊரில் எங்கள் முற்றத்துக்கு ஓர் ஆட்டோ வரும். என் கணவர் தன்னுடைய பழைய படகு எஞ்சினைப் போர்வையில் சுற்றிப் பின் சீட்டில் சாய்த்து வைத்து, அது சரியாமல் இருக்கத் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்துகொள்வார். நானும் போகிற நாளென்றால் ஸ்கூட்டரில் பின்னால் வரவேண்டும். இந்த மனிதர் யாரைக் கட்டியிருக்கிறார் என்று வழியில் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அவருக்குப் பாறசாலையில் இருசக்கர வண்டி உதிரிபாகக் கடை. நான் தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்க வெளியூர் போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் எஞ்சின் வந்தது என்று நினைக்கிறேன். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் அது. எங்கள் கல்யாணத்துக்கு வெகு காலம் முன்பே யாரோ மீன்பிடிக்க வாங்கி, ஓட்டித் தேய்த்து, கடைசியில் ஆக்ரிக்கடையில் பழைய இரும்போடு எடைக்குப் போட்டது. இவர் அதை மீட்டு வந்து, துருவைச் சுரண்டி, பச்சை வர்ணம் அடித்து ஓடவும் வைத்துவிட்டார். இவரைப் போலவே பழைய எஞ்சினில் பித்துப் பிடித்தவர்கள் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் சிலர் உண்டு. அவர்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்து, மாதம் ஒருநாள் ஆறு தேங்கி நிற்கும் பூவார் காயலில், கரையில் போட்டிருக்கும் பழைய படகுகளில் மாட்டி எஞ்சின்களை ஓட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களில் பாதிப் பேருக்குச் சர்ச் உண்டு என்பதால் இரண்டாம் சனி.

அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பொத்தான் கிடையாது. தலையில் ஒரு சக்கரம் இருக்கும். ஒரு கயிற்றின் முடிச்சைச் சக்கரத்தின் வெட்டில் மாட்டி, சுற்றிச் சுற்றி, மறுமுனையில் உள்ள மரப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இழுத்ததும் கயிறு கழன்று கையோடு வந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்ய மறுபடி அதே கயிறு வேண்டும். அது இல்லையென்றால் எஞ்சின் வெறும் இரும்பு. அதனால் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டிருப்பார். நான் தாலியைக்கூட அவ்வளவு பத்திரமாகப் போட்டுக்கொண்டதில்லை.

போன ஐப்பசியில், இரண்டாம் சனிக்கு முந்தின நாள் சாயங்காலம், விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"எனக்கும் உங்க எஞ்சினுக்கும் ஒரே நேரம் சொகமில்லாம ஆச்சுன்னா யாரப் பாப்பிய?"

அவர் சிரித்துக்கொண்டு உன்னைத்தான் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். மனிதர் யோசித்தார். கையில் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கை வைத்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்து, நிஜமாகவே யோசித்தார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. காலையில் அவராகவே வந்து, "நீயும் வா. ஒரு நேரம் என்கூடப் படகுல வந்து பாரு, பின்ன ஏசு" என்றார். விடைத்தாள் கட்டு மேஜையில் கிடந்தது. இருந்தாலும் போனேன். சக்களத்தியை அவள் இடத்திலேயே பார்த்துவிடலாம் என்றுதான்.

கிளப் செயலாளர் கேரளத்தின் வடக்கே எங்கோ பிறந்து, கப்பலில் எஞ்சினியராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு நெய்யாற்றின்கரையில் வீடு கட்டியவர். அவர் பேசுவது அச்சடித்த மலையாளம். நாங்கள் பேசும் மலையாளத்தைக் கேட்டு, அது தமிழ் என்று சிரிப்பார். மதுரைப் பக்கம் போனால் எங்கள் தமிழைக் கேட்டு மலையாளம் என்பார்கள். இரண்டு பாஷையும் முலைப்பாலோடு வந்தது என்ற திமிரில் நாங்கள் இரண்டு கூட்டத்தையும் பொருட்படுத்துவதில்லை. அந்தத் திமிர் எந்த இடத்தில் காலை வாரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் வெயில் சுள்ளென்று இருந்தது. படகுகள் வரிசையாகக் காயலில் இறங்கின. கிளப்புக்குப் பாதுகாப்புப் படகு ஒன்று உண்டு. புது எஞ்சின் வைத்தது. அதில் செயலாளரும், பூவார்க்காரரான படகோட்டியும் ஏறினார்கள். மலைப்பக்கம் ஒரு வாரமாக மழை, சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று செயலாளர் எல்லாருக்கும் சொன்னார். நான் ஆரஞ்சு நிற மிதவைச்சட்டையைப் போட்டு எல்லாப் பட்டையையும் இறுக்கிக்கொண்டேன். என் கணவர் அவருடையதை உட்காரும் பலகையில் மடித்து வைத்தார். போட்டுக்கொண்டால் கயிறு இழுக்கத் தோள் வளையாதாம். இத்தனைக்கும் அவருக்கு நீந்தத் தெரியாது. கொல்லயில் வயல்களில் முழங்கால் அளவுத் தண்ணீரில் வளர்ந்தவர். கேட்டால், "நீந்தத் தெரிஞ்சா பின்ன படகு எதுக்கு?" என்பார்.

நெய்யாறு கடலோடு சேரும் இடத்தில் மணல் அடைத்துத் திட்டாகக் கிடக்கும். அந்த இடத்தைப் பொழி என்போம். பொழி அடைந்து கிடக்கும்வரை காயல் குளம் மாதிரி. ஆற்றில் தண்ணீர் பெருகினால் திட்டு உடைந்துவிடும். பொழி முறிஞ்சாச்சு என்பார்கள். அப்புறம் காயல் முழுக்கக் கடலுக்கு ஓடும். அன்று காலை பொழி அடைந்துதான் கிடந்தது. திட்டில் ஆட்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தச் சத்தமும் மண்ணெண்ணெய்ப் புகையும் எனக்குக்கூடக் கொஞ்சம் பிடித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெண் பார்க்க வந்த அன்றுகூட இந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

மத்தியானம் கிழக்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. செயலாளர் விசில் ஊதினார். மற்றப் படகுகள் திரும்பின. இவர் மட்டும், "துலாமழையாக்கும். பெஞ்சிட்டுப் போவும்" என்று ஐப்பசி மழையை அலட்சியம் செய்து இன்னொரு வளைவு சுற்றினார். பாதி வளைவில் காற்று வந்தது. பின்னாலேயே மழை வந்தது. முன்பலகை எனக்குத் தெரியவில்லை. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"பிளக்கு நனைஞ்சிட்டு" என்றார்.

துடுப்பை மாறி மாறிப் போட்டு ஒரு மணல்மேட்டோரம் ஒதுங்கினோம். படகின் மூக்கில் இருந்த இரும்பு வளையத்தில் கட்டுக்கயிற்றைப் போட்டு, கரையோரத் தாழைப் புதரில் கட்டினார். தன் மழைக்கோட்டைக் கழற்றினார். எனக்கு நடுக்கம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் தரப்போகிறார் என்று கையை நீட்டிவிட்டேன். அவர் அதை எஞ்சின் மேல் போர்த்தினார்.

நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் படகு அங்கேயே கவிழ்ந்திருக்கும்.

கோட்டுக்கு அடியில் தலையை நுழைத்து அவர் பிளக்கைக் கழற்றினார். பனியனில் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். இடி இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. அப்புறம் நான் தண்ணீரைக் கவனித்தேன். அதுவரை அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்த ஆகாயத்தாமரை எல்லாம் ஒரே பக்கமாகப் போக ஆரம்பித்திருந்தது. முதலில் மெதுவாக. பிறகு எங்களைத் தாண்டி ஒரு தேங்காய் மட்டை ஓடியது. துரத்தினாலும் பிடிக்க முடியாத வேகம்.

"இஞ்ச பாருங்க. தண்ணி நடக்குது" என்றேன்.

அவர் தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். அவசரமாகப் பிளக்கை மாட்டித் திருகினார்.

"பொழி முறிஞ்சிட்டு" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, முன்பக்கம் படார் என்று ஒரு சத்தம். மட்கிய பலகையோடு அந்த இரும்பு வளையம் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கட்டுக்கயிறு தாழைப் புதரோடு நின்றுவிட்டது. நாங்கள் நிற்கவில்லை. அவர் துடுப்பை ஊன்றிப் பார்த்தார். அடியில் மணல் ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ, துடுப்பு கையை விட்டுப் போய்விட்டது. மழை கொஞ்சம் விலகிய இடைவெளியில் பொழியைப் பார்த்தேன். காலையில் ஆட்கள் நின்ற இடத்தில் தண்ணீர் மஞ்சளாகக் குத்தி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கடலின் அலை எழுந்து அதை எதிர்த்து அடித்தது. அதற்குள் போனால் நீந்தத் தெரிந்தவனுக்கே கஷ்டம். இவர் மிதவைச்சட்டையைத் தேடினேன். பலகையில் இல்லை. எப்போது போனதென்று தெரியவில்லை.

அப்போதுதான் பாதுகாப்புப் படகின் சத்தம் கேட்டது. படகோட்டி ஓட்ட, செயலாளர் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். எங்களை ஒட்டி வந்த நேரம் அவர் கத்தினார்.

"கயறு. வேகம் கயறு."

எங்கள் பேச்சில் கயறு என்றால் கயிறு. ஏறு என்பதற்கு நாங்கள் தமிழிலும் கேறு என்போம், மலையாளத்திலும் கேறு என்போம். பஸ்ஸில் கேறு, மரத்தில் கேறு. அச்சடித்த மலையாளத்தில் ஏறு என்பதற்கும் கயறு என்றுதான் சொல்வார்கள். பத்திரிகையில் படித்தால் எனக்கும் புரியும். உயிர் போகிற நேரத்தில் காது பத்திரிகை படிக்குமா? என் காதில் விழுந்தது கயிறு. என் கணவர் காதில் விழுந்ததும் கயிறு. வேகமாகக் கயிறு போடு, கட்டி இழுக்கிறேன் என்கிறார் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

படகில் மிச்சமிருந்த ஒரே கயிறு அவர் கழுத்தில் இருந்தது. ஒரு நொடிகூடத் தயங்காமல் கழற்றி வீசினார். மரப்பிடி செயலாளரின் நெஞ்சில் போய் விழுந்தது. அவர் அந்தக் குட்டைக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் மறக்கவில்லை. அதற்குள் தண்ணீரின் ஒழுக்கு இரண்டு படகையும் பிரித்துவிட்டது.

"அய்யோ, ஸ்டார்ட்டர் கயறுல்லா அது" என்றார் இவர், தன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு.

படகோட்டி வட்டம் அடித்துத் திருப்பிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை செயலாளர் கயறு என்று சொல்லிக்கொண்டே தன் படகின் விளிம்பைக் கையால் தட்டிக் காட்டினார். புரிந்துவிட்டது. என் கணவர் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கித் தள்ளினார். முட்டி இடித்து, அந்தப் படகின் உள்ளே குப்புற விழுந்தேன். எழுந்து திரும்பி, "நீங்களும் கேறுங்க" என்றேன். அவர் ஒரு காலைத் தூக்கி நான் விழுந்த படகின் விளிம்பில் வைத்திருந்தார். கேறிவிடலாம், அப்படியே கேறிவிடலாம்.

அவர் திரும்பி எஞ்சினைப் பார்த்தார்.

அவ்வளவுதான், ஒரு பார்வை. அந்தப் பார்வை முடிவதற்குள் அலை வந்து படகுகளை விலக்கியது. அவர் காலை எடுத்துக்கொண்டு தன் படகிலேயே பின்னால் விழுந்தார். எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். இத்தனை வருஷம் கஞ்சியும் சோறும் பொங்கிப் போட்டவள் இந்தப் பக்கம் நிற்கிறேன், அவர் கண் அந்தப் பக்கம் போகிறது. முந்தின நாள் அவர் யோசித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

படகோட்டி, இனி ஒரே ஒரு தடவைதான் போக முடியும், அதற்கு மேல் போனால் நாமும் பொழிக்குள் போய்விடுவோம் என்றார். போனோம். ஆனால் நெருங்க முடியவில்லை. நடுவில் ஒரு அறையின் அகலத்துக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இவரானால் நீந்தத் தெரியாதவர். மழைக்கோட்டுக்கு அடியில் காய்ந்த பிளக்கோடு எஞ்சின் இருக்கிறது. அதற்கு வேண்டிய கயிறு எங்கள் படகில், என் காலடியில் கிடந்தது.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. எஞ்சினை விட்டு வரமாட்டார். அதையாவது ஓட்டிக்கொண்டு வரட்டும். கயிற்றை எடுத்து, மரப்பிடியைச் சுழற்றி, என் பலம் முழுவதையும் கூட்டி எறிந்தேன். எறியும்போது பார்த்துப் பிடிக்கட்டும் என்று கத்தினேன்.

"கயறு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்தார். விளிம்பில் கால் வைத்துக் குதித்தார்.

தலை தெரியவில்லை. மஞ்சள் தண்ணீர்தான் தெரிந்தது. நான் எந்தப் பாஷையில் அலறினேன் என்று எனக்கே தெரியாது. படகோட்டி மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் குத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி குத்தினார். கழி ஆடியது. செயலாளரும் நானும் கழியோடு சேர்த்து இழுத்தோம். முதலில் ஒரு கை வந்தது, பிறகு சட்டைக் காலர். காலரை நான் பிடித்தேன். பள்ளியில் சாக்பீஸ் பிடிக்கிற கை அது. அத்தனை கனத்தை அது தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

படகின் அடியில் கிடந்து தண்ணீரைக் கக்கினார். நான் அவர் முதுகில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வெளியே வரத்தான் அடித்தேன் என்று செயலாளர் நினைத்தார். அதற்கும்தான்.

படகு எஞ்சினோடு பொழிக்குள் போவதை நாங்கள் கரையேறுமுன் பார்த்தோம். மழைக்கோட்டு அதன் மேல் இருந்தபடியே இருந்தது. அலையில் ஒருதரம் நிமிர்ந்தது, அப்புறம் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவம் என்றும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

அடுத்த இரண்டாம் சனிக்கு ஆட்டோ வரவில்லை. ஏற்ற ஒன்றும் இல்லை. இருந்தாலும் கிளப்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று ஸ்கூட்டரில் போனோம். நான் ஓட்ட, அவர் பின்னால். செயலாளர் எல்லாரையும் கூட்டி வைத்துக் கதை சொன்னார். நான் ஏறச் சொன்னால் கயிறு எறிகிற மனிதர், மனைவி கயிறு எறிந்தால் ஏறிக் குதிக்கிறார், இந்த எல்லைக்காரர்களுக்கு எந்தப் பாஷையில்தான் சொல்வது என்று அவர் கேட்க, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு ஆறுதல். அதே நேரம் உள்ளே ஒன்று உறுத்தியது. நான் எறிந்தது கயிறு. நீ இங்கே வா என்று நான் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு மனிதர் எஞ்சினை விட்டுவிட்டாரே. கூப்பிடாத குரலுக்கு வந்தவர் அல்லவா.

திரும்பும் வழியில், பாறசாலைக்கு வரும் ரோட்டில், என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அண்ணைக்கு நான் கயறுன்னு சொன்னது கேறதுக்கு இல்ல. கயறுதான். எஞ்சின ஸ்டார்ட் பண்ணட்டும்னு எறிஞ்சேன். உங்களுக்குத்தான் தப்பா கேட்டுட்டு" என்றேன்.

பின்னாலிருந்து சத்தம் இல்லை. மறுபடி யோசிக்கிறாராக்கும் என்று எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"தப்பா கேக்கல்ல" என்றார்.

"பின்ன?"

"கயறு வந்து என் முட்டுல தட்டி உள்ளேதான் விழுந்துது. நான் கண்டேன். குனிஞ்சா எடுக்கலாம்."

"எடுக்கதுக்கு என்ன?"

"எடுத்துச் சுத்தி இழுக்கணும். ஒருவேள பிடிக்கும், ஒருவேள பிடிக்காது. நீ அந்தப் படகுல நின்னு கரைஞ்சிட்டுல்லா இருந்தே. பின்ன நான் அங்க நின்னு என்ன செய்ய?"

நான் அழுததே எனக்குத் தெரியாது. கோபத்தில் நிற்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு அது அந்த மழையில் தெரிந்திருக்கிறது.

ரோடு என் கண்ணுக்கு மங்கலாகிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரமாக ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து வேலியை ஒட்டி நிறுத்தினேன். அவர் கை என் தோளில் இருந்தது.

"என்ன நிறுத்திட்டே?" என்றார். "பிளக்குல வெள்ளம் கேறிட்டா?"

ஆமா என்றேன்.